பிரிவு 112-இல் தொடங்கிய சண்டை: அமெரிக்கக் கட்டடக்கலைப் பள்ளிகள் 1960களில் மாறிய விதம்

1968 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஐந்து கட்டடங்களைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்று ஏவரி ஹால், கட்டடக்கலைப் பள்ளி இருந்த கட்டடம். அந்த ஆண்டின் மாணவர் கிளர்ச்சி என்றாலே வியட்நாம் போரைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கட்டடக்கலை மாணவர்களைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். மீதிக் கதை அவர்களுடைய வரைபலகையிலேயே கிடந்தது. 'பாழடைந்த பகுதி' ஒன்றை இடித்துவிட்டுப் புதிதாக வரையச் சொல்லிக்கொடுத்த அதே பல்கலைக்கழகம், பக்கத்துத் தெருவில் கட்டடங்களை வாங்கி, வாடகைக்கு இருந்தவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தது. வாத்தியாரும் வீட்டுக்காரரும் ஒரே ஆளாக இருந்ததை இந்த மாணவர்கள்தான் மிக நெருக்கத்தில் பார்த்தார்கள். இந்த நிலை எப்படி வந்தது என்று தெரிந்தால்தான், அதன்பின் பாடத்திட்டத்தில் எது மாறியது, மாறியதில் எது தங்கியது என்பது விளங்கும்.

இடிக்கக் காசு எங்கிருந்து வந்தது

1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் முதல் பகுதி நகரங்களுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. நகராட்சியின் மறுமேம்பாட்டு ஆணையம் ஒரு பகுதியைப் பாழடைந்தது என்று அறிவிக்கும். நிலத்தைக் கட்டாய ஆர்ஜிதத்தில் எடுக்கும். குடியிருப்போரை வெளியேற்றி, கட்டடங்களை இடித்து, சாலையும் சாக்கடையும் போட்டு, மனையைத் தனியார் கட்டுமான நிறுவனத்துக்கு அடக்க விலைக்கும் குறைவாக விற்கும். அதில் வரும் நஷ்டத்துக்கு 'நிகரத் திட்டச் செலவு' என்று பெயர். அதில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு கொடுக்கும், ஒரு பங்கை நகரம் போட வேண்டும். 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயர் 1954 சட்டத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், வாஷிங்டன் நகரின் தென்மேற்குப் பகுதியில் நல்ல நிலையில் இருந்த ஒரு கடையைக்கூட ஆர்ஜிதம் செய்யலாம் என்றது. பகுதி முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு கட்டடத்தின் நிலையையும் தனித்தனியாகப் பார்க்கத் தேவையில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதன்பின் ஆணையங்களுக்குத் தடையே இல்லை.

பல்கலைக்கழகங்கள் உள்ளே வந்தது 1959-இல். அந்த ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 112-ஆம் பிரிவு, புதுப்பிப்புப் பகுதிக்குள்ளோ அருகிலோ ஒரு பல்கலைக்கழகம் நிலம் வாங்கவும் இடிக்கவும் செலவழித்த தொகையை நகரத்தின் பங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ள அனுமதித்தது. சில ஆண்டுகளுக்கு முன்பே வாங்கியிருந்தாலும் சேரும். சிகாகோ பல்கலைக்கழகத்துக்காக ஹைட் பார்க் வட்டாரத்தில் இந்த வேலையை நடத்திவந்த ஜூலியன் லெவிதான் இந்தப் பிரிவுக்காக வாஷிங்டனில் முன்னின்று பாடுபட்டவர்.

ஒரு மாதிரிக் கணக்கில் இதைப் பார்க்கலாம். ஆர்ஜிதம், இடிப்பு, சாலை எல்லாம் சேர்த்து 1.2 கோடி டாலர் ஆகிறது. மனை விற்று 30 லட்சம் வருகிறது. நிகரச் செலவு 90 லட்சம். மத்திய அரசு 60 லட்சம் தரும், நகரம் 30 லட்சம் தர வேண்டும். பக்கத்தில் பல்கலைக்கழகம் ஏற்கெனவே 30 லட்சத்துக்கு நிலம் வாங்கிப்போட்டிருந்தால் நகரம் கஜானாவைத் திறக்கவே வேண்டாம். மேயருக்குச் செலவில்லாத திட்டம் கிடைக்கும், பல்கலைக்கழகத்துக்கு விரும்பாத அண்டைவீட்டார் போவார்கள், மத்திய அரசின் 60 லட்சமும் ஊருக்கு வந்துவிடும். இழப்பவர்கள் கணக்குப் புத்தகத்தில் வருவதில்லை. பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை ஒட்டியிருந்த கறுப்பினக் குடியிருப்பான பிளாக் பாட்டம் போனது இந்த வகைக் கூட்டணியில்தான்.

ஸ்டுடியோவுக்குள் வந்த இடிப்பு

புதுப்பிப்புத் திட்டங்கள் கட்டடக்கலைப் பள்ளிகளுக்கு நல்ல காலம். 'நகர வடிவமைப்பு' என்ற துறையே ஏறத்தாழ இந்தத் தேவையில் வளர்ந்ததுதான். ஹார்வர்டில் டீனாக இருந்த ஹோசே லூயி செர்ட் 1956-இல் அதற்கென மாநாடு கூட்டினார், 1960-இல் பட்டப்படிப்பு தொடங்கியது. படித்து வந்தவர்களுக்கு ஆணையங்களில் வேலை காத்திருந்தது. ஆசிரியர்களுக்கும் அங்கிருந்தே வேலை வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் 1958 முதல் 1965 வரை கட்டடக்கலைத் துறைத் தலைவராக இருந்த பால் ருடால்ஃப், அது இருக்கும் நியூ ஹேவன் நகரின் புதுப்பிப்புப் பகுதியில் டெம்பிள் தெரு பார்க்கிங் கட்டடத்தை வடித்தவர். அமெரிக்காவிலேயே ஆள்வீதம் மிக அதிகமாகப் புதுப்பிப்பு நிதி வாங்கிய நகரங்களில் முதல் வரிசையில் இருந்தது நியூ ஹேவன். மாணவர்களுக்கு ஜன்னலைத் திறந்தால் பாடம்.

ஸ்டுடியோ என்ற வடிவமைப்பு வகுப்பில் பாடம் எப்படி நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் ஒரு பிரீஃப் தருவார்: இத்தனை வீடு, இவ்வளவு கடைப் பரப்பு, இத்தனை கார் நிறுத்துமிடம். கூடவே விமானப் புகைப்படமும் நிலப்பயன்பாட்டு வரைபடமும் வரும். இருக்கிற கட்டடங்களுக்கு அந்த வரைபடத்தில் எடையே கிடையாது, அடித்தள மாடலில் அவை இருக்காது. 'ஏன் பாழடைந்தது?' என்று மாணவர் வேலையை மதிப்பிடும் குழுவான ஜூரியில் யாரும் கேட்க மாட்டார்கள். அது ஏற்கெனவே நிபுணர் தீர்மானித்த விஷயம்.

அந்தத் தீர்மானம் பெரும்பாலும் தண்டப்புள்ளி முறையில் வந்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் 1940களில் வகுத்த மதிப்பீட்டில், தனிக் கழிப்பறை இல்லாவிட்டால் இத்தனை புள்ளி, இரண்டாவது வெளியேறும் வழி இல்லாவிட்டால் இத்தனை, ஓர் அறையில் ஆள் அதிகமானால் இத்தனை என்று கூட்டிக்கொண்டே போவார்கள். சுகாதார அளவுகோலாக அதில் குறை சொல்ல அதிகமில்லை. கோளாறு அதைப் பயன்படுத்திய விதத்தில் இருந்தது. வாடகை எவ்வளவு குறைவு, வேலைக்கு நடந்து போகும் தூரம் என்ன, மாடிப்படியில் எத்தனை தலைமுறை உறவு இருக்கிறது என்பவற்றுக்குக் கழிக்கும் புள்ளி கிடையாது. பழுதுபார்த்தால் தீரும் குறையும், இடித்தால்தான் தீரும் குறையும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்துவிடும். பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியில் 1957 அக்டோபர் முதல் எட்டு மாதம் தங்கி ஆராய்ந்த சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ், அது குறைந்த வாடகைக் குடியிருப்பு, இடித்தே தீர வேண்டிய இடமல்ல என்று காட்டினார். அதற்குள் இடிப்பு தொடங்கிவிட்டது.

ஒரு செக்‌ஷன் வரைபடம்

கொலம்பியா 1960களில் தன்னைச் சுற்றியுள்ள மார்னிங்சைட் ஹைட்ஸ் வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை வாங்கியது. ஒற்றை அறைகளில் வாடகைக்கு இருந்த கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கர்களும் ஆயிரக்கணக்கில் வெளியேறினார்கள். ஆனால் வெடித்தது வேறொரு திட்டத்தில். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஹார்லத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே செங்குத்தான பாறைச் சரிவில் அமைந்த மார்னிங்சைட் பூங்கா, ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் வடிவமைத்த பொதுப் பூங்கா. அதில் 2 ஏக்கருக்குச் சற்று மேலான நிலத்தை 1961-இல் குத்தகைக்கு எடுத்து, உடற்பயிற்சிக் கூடம் கட்டத் திட்டமிட்டார்கள். இது 112-ஆம் பிரிவுத் திட்டமல்ல. நிலப்பசி மட்டும் ஒன்றுதான்.

கட்டடக்கலை மாணவருக்கு இந்தத் திட்டத்தைப் புரியவைக்கப் பேச்சாளர் தேவைப்படவில்லை. செக்‌ஷனைப் பார்த்தால் போதும்; கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் வரைபடம் அது. கட்டடம் சரிவைச் சாய்ந்து நிற்கிறது. மேலே, மார்னிங்சைட் டிரைவ் மட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்களின் வாசல். அவர்கள் இறங்கி வருவார்கள். கீழே பூங்கா அடிவாரத்தில் ஹார்லம் மக்களின் வாசல். அவர்களுக்குக் கீழ்த்தளங்கள் மட்டும், மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காடு; எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஒரு நீச்சல் குளம் சேர்த்தார்கள். இரண்டு பகுதிக்கும் இடையே உள்வழி இல்லை. சரிவு நிலத்தில் இரண்டு மட்டத்தில் வாசல் வைப்பது எந்த வடிவமைப்பாளரும் செய்யும் இயல்பான காரியம், தொழில்நுட்பமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமும்கூட. ஆனால் யார் மேலே, யார் கீழே என்பது முடிவானதும் அந்த வரைபடம் இனப் பிரிவினையின் வரைபடமாகிவிட்டது. தெற்கு மாநிலங்களில் இனங்களைப் பிரித்துவைத்த 'ஜிம் குரோ' (Jim Crow) சட்டங்களை நினைவூட்டி, முதல் சொல்லை உடற்பயிற்சிக் கூடத்தைக் குறிக்கும் 'Gym' என்று மாற்றி, 'Gym Crow' என்று அட்டைகளில் எழுதினார்கள்.

1968 பிப்ரவரியில் தோண்டத் தொடங்கினார்கள். ஏப்ரல் 23-இல் மாணவர்கள் பூங்கா வேலியைத் தாண்டப் போய், திரும்பி வந்து வளாகத்தின் ஹாமில்டன் ஹாலில் உட்கார்ந்தார்கள். மறுநாள் இரவு ஏவரியை மூடச் சொன்னபோது கட்டடக்கலை மாணவர்கள் வெளியேற மறுத்தார்கள். ஏப்ரல் 30 அதிகாலை போலீஸ் நுழைந்து 700 பேருக்கு மேல் கைது செய்தது. ஜிம் நின்றது. தோண்டிய பள்ளம் பல ஆண்டுகள் அப்படியே கிடந்து, பின்னாளில் குளமும் அருவியுமாக மாற்றப்பட்டது. கூடத்தைக் கடைசியில் வளாகத்துக்கு உள்ளேயே நிலத்தடியில் கட்டினார்கள். இடம் இருந்திருக்கிறது, தேடவில்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் மட்டுமே இதைச் செய்ததாக எழுதினால் தவறு. 1964-இலேயே ஹார்லத்தில் 'ஆர்ச்' என்ற கட்டடக் கலைஞர்கள் குழு இயங்கியது. ரிச்சர்ட் ஹாட்ச் தொடங்கியது, பிறகு மாக்ஸ் பாண்ட் தலைமைக்கு வந்தார். குடியிருப்போர் சார்பில் மாற்றுத் திட்டம் வரைந்து திட்டக் குழுவின் முன் வைப்பது அவர்கள் வேலை. 1965-இல் நகரத் திட்டமிடுநர் பால் டேவிடாஃப் இதற்கு ஒரு கோட்பாடு கொடுத்தார்: வழக்கில் இரு தரப்புக்கும் வக்கீல் இருப்பதுபோல், நகரத் திட்டத்திலும் ஏழைகளுக்கென ஒரு திட்டமிடுநர் வாதாட வேண்டும். 1966-இல் பாஸ்டன் பக்கம் ஹார்வர்ட், எம்.ஐ.டி. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து 'அர்பன் பிளானிங் எய்ட்' நடத்தினார்கள். கேம்பிரிட்ஜ் வீடுகளைப் பிளந்துகொண்டு போகவிருந்த இன்னர் பெல்ட் நெடுஞ்சாலையை எதிர்த்து வேலை செய்த குழு அது; 1970-இல் ஆளுநர் சார்ஜென்ட் அந்தச் சாலைத் திட்டங்களை நிறுத்திவைத்தார். மாணவர்கள் கையில் எடுத்த கருவிகளில் பாதி இவர்கள் ஏற்கெனவே கூர்தீட்டியவை.

1968 ஜூனில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கத்தின் போர்ட்லண்ட் மாநாட்டில் கறுப்பினத்தவர் உரிமைகளுக்காகப் பாடுபட்ட தேசிய நகர்ப்புற லீகின் தலைவர் விட்னி யங் பேசினார். குடிமை உரிமைப் போராட்டத்தில் நீங்கள் காட்டிய இடிமுழக்க மௌனத்துக்காகத்தான் உங்களைத் தெரியும் என்று சபையின் முகத்துக்கு நேரே சொன்னார். சங்கம் அதன்பின் ஃபோர்டு அறக்கட்டளையோடு சேர்ந்து சிறுபான்மை மாணவர்களுக்கு உதவித்தொகை தொடங்கியது.

பள்ளிக்குள் என்ன மாறியது

முதலில் பிரீஃப் மாறியது. ஆசிரியர் எழுதிக்கொடுத்த தேவைப்பட்டியலுக்குப் பதிலாக, மாணவரே போய் எழுத வேண்டியதாயிற்று. வாடகை என்ன, உரிமையாளர் யார், சொத்துவரி பாக்கி உண்டா, கட்டட விதிமீறல் நோட்டீஸ் எத்தனை என்று பதிவேடுகளைப் புரட்டுவது ஸ்டுடியோ வேலையில் சேர்ந்தது. அளவெடுத்து வரைதல், அதுவரை பழங்கோயில்களுக்கும் அரண்மனைகளுக்கும் செய்தது, ஐந்து மாடி வாடகைக் கட்டடத்துக்கு வந்தது. பழுதுபார்க்க ஒரு வீட்டுக்கு எவ்வளவு, இடித்துக் கட்ட எவ்வளவு என்று பக்கம் பக்கமாகக் கணக்கிடும்போதுதான் ஆணையத்தின் எண்ணிக்கைகளை எதிர்க்க முடிந்தது. அழகான மாடலை விட இந்தக் கணக்குத் தாள்தான் பொது விசாரணையில் எடுபட்டது. ஜூரி மேசையில் குடியிருப்போர் உட்காரத் தொடங்கினார்கள். பள்ளிக் குழுக்களில் மாணவர்களுக்கு இடம் கிடைத்தது.

இரண்டாவது, சேர்க்கை. கொலம்பியா 1968-க்குப் பின் சில ஆண்டுகள் கறுப்பின, போர்ட்டோ ரிக்க மாணவர்களைத் தேடிப் போய் உதவித்தொகையோடு சேர்த்தது. பின்னாளில் பேராசிரியராகப் பேர்பெற்ற ஷாரன் சட்டன் அப்படி வந்தவர். முன்பு இசைக் கலைஞர். யேலில் கறுப்பின மாணவர்கள் 1968-இல் 'பிளாக் வொர்க்‌ஷாப்' தொடங்கி நியூ ஹேவன் மக்களோடு நேரடியாக வேலை செய்தார்கள். அங்கே எல்லை எது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 1969 வசந்தத்தில் நகரத் திட்டத் துறையின் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்த அமைப்பு, பல்கலைக்கழகத்தின் அனுமதி இல்லாமல் கூடுதல் மாணவர்களுக்குச் சேர்க்கைக் கடிதம் அனுப்பிவிட்டது. பல்கலைக்கழகத் தலைவர் கிங்மன் ப்ரூஸ்டர் அந்தத் துறையையே கலைத்தார். சேர்க்கையும் பணமும் கைமாறுவதைப் பல்கலைக்கழகம் பொறுக்காது; பாடத்திட்டம் மாறுவதைப் பொறுக்கும். அடுத்த பத்தாண்டில் நடந்தவற்றை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

மூன்றாவது, கையால் கட்டுவது. ருடால்ஃபுக்குப் பின் யேலுக்கு வந்த சார்லஸ் மூர் 1967-இல் முதலாண்டு மாணவர்களைக் கென்டக்கியின் நியூ சயன் என்ற மலைக்கிராமத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு சமூகக் கூடத்தை அவர்களே வடிவமைத்துக் கட்டினார்கள். எல்லோரும் வரைவது, ஒன்றைத் தேர்வது, பிறகு எல்லோரும் சேர்ந்து அதைக் கட்டுவது என்ற முறை இன்றும் அங்கே கட்டாயப் பாடம். அலபாமாவின் ரூரல் ஸ்டுடியோ முதல் எத்தனையோ பள்ளிகளில் இதன் சாயல் இருக்கிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. பத்து நிமிட நடையில் வீடிழந்தவர்கள் இருந்த ஊரிலிருந்து கென்டக்கி வரை போனார்கள். நியூ ஹேவனிலேயே மலிவு வீடு கட்டுவது அந்தத் திட்டத்தின் வழக்கமானது 1989-இல்தான். தூரத்து ஏழைக்கு உதவுவதில் பல்கலைக்கழகத்தின் நிலக் கணக்கு குறுக்கே வராது.

எங்கே உடைந்தது

1970களின் தொடக்கத்தில் நாடெங்கும் பல பத்துச் சமூக வடிவமைப்பு மையங்கள் இருந்தன, பல பள்ளிகளோடு இணைந்தவை. அவை தடுமாறியதற்கான காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்.

செமஸ்டர் 15 வாரம். ஒரு மலிவு வீட்டுத் திட்டம் நிலம், கடன், அனுமதி எல்லாம் கடந்து குடிபுக ஐந்து முதல் பத்து ஆண்டு. ஜனவரியில் வந்த மாணவர் மே மாதம் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். செப்டம்பரில் வேறொரு குழு வந்து அதே கதவைத் தட்டி அதே கேள்வித்தாளை நீட்டும். மூன்றாம் முறை கதவு திறக்காது. இதைத் தவிர்க்கத் தெரிந்த மையங்கள், மாணவர் மாறினாலும் மாறாத சம்பள ஊழியர் ஒருவரையாவது வைத்துக்கொண்டன. புரூக்ளினின் பிராட் மையம் 1963-இலிருந்து இன்றுவரை நிற்பதற்கு அதன் நிரந்தரப் பணியாளர்கள் முக்கியக் காரணம்.

அடுத்தது முத்திரை. உரிமம் இல்லாத மாணவர் வரைந்ததை நகராட்சி ஏற்காது. உரிமம் பெற்றவர் முத்திரை வைத்தால் சட்டப் பொறுப்பு அவர் தலையில். எனவே மாணவர் வேலை பெரும்பாலும் சாத்தியக்கூறு ஆய்வோடு நின்றது. தாண்டிப் போனால் இலவசமாகச் செய்து தங்கள் பிழைப்பைக் கெடுப்பதாக உள்ளூர்க் கலைஞர்கள் முறையிடுவார்கள். கட்டணம் கொடுக்க வழியில்லாத குழுக்களுக்கு மட்டும் என்ற விதி மையங்களில் வந்ததற்கு இது ஒரு காரணம்.

பங்கேற்பு என்ற பெயரிலும் நிறைய ஏமாற்று நடந்தது. முடிவான மூன்று மாடல்களை வைத்து எது பிடிக்கிறது என்று கேட்பது பங்கேற்பு ஆகாது. 1969-இல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து, கருத்துக் கேட்டுவிட்டுப் போவதை நடுப்படியில் நிறுத்தினார். ஸ்டுடியோக்கள் அதற்கு மேல் ஏறியது அரிது. நில உரிமையும் பட்ஜெட்டும் வேறு கையில் இருக்கும்போது ஏற வழியும் இல்லை.

கடைசி அடி நிதியில் விழுந்தது. மையங்கள் வறுமை ஒழிப்புத் திட்டப் பணத்தையும் அறக்கட்டளைகளையும் நம்பி ஓடியவை. 1973 ஜனவரியில் நிக்சன் அரசு மானிய வீட்டுத் திட்டங்களை நிறுத்தியது. 1974 சட்டம் நகரப் புதுப்பிப்பு நிதியையே தனி இனமாக இல்லாமல் செய்து, நகரங்களுக்கு மொத்த மானியமாகக் கொடுத்தது. எதிர்த்துப் போராட வேண்டிய திட்டமும் போனது, போராட உதவிய பணமும் போனது. ஆர்ச் 1970களின் நடுவில் மூடப்பட்டது. கொலம்பியாவின் தேடிச் சேர்க்கும் முயற்சியும் ஏறத்தாழ அதே காலத்தில் தேய்ந்தது. அமெரிக்காவில் உரிமம் பெற்ற கட்டடக் கலைஞர்களில் கறுப்பினத்தவர் இன்றும் 2 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறார்கள்.

தங்கியவை எவை என்று பார்த்தால், சமூக ஸ்டுடியோ, கட்டிப் பழகும் பாடம், ஜூரியில் வெளியார். பல்கலைக்கழகத்துக்குப் பெரிய செலவில்லாதவை. உதவித்தொகை, நிரந்தரப் பணியிடம், நிலத்தின் மீது சொல்லுரிமை என்று செலவு வைத்தவை தங்கவில்லை.

விதிவிலக்கு உண்டு. 1969 ஏப்ரலில் ஹார்வர்ட் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் பாஸ்டனின் மிஷன் ஹில் குடியிருப்போரை வெளியேற்றக் கூடாது என்பதும் ஒன்று. மருத்துவமனை விரிவாக்கத்துக்காக அங்கே வீடுகளை ஹார்வர்ட் வாங்கிவைத்திருந்தது. மாணவர்கள் பட்டம் பெற்றுப் போன பிறகும் வாடகைதாரர் சங்கம் விடவில்லை. 1978-இல் மிஷன் பார்க் என்ற பெயரில் 700-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஒன்பது ஆண்டுகள். எந்த மாணவர் அணியும் அவ்வளவு காலம் இருக்காது, சங்கம் இருந்தது.

கொலம்பியா 2000களில் மீண்டும் ஹார்லம் பக்கம் வந்தது, இம்முறை மன்ஹாட்டன்வில்லில் 17 ஏக்கர். வடிவமைப்பு ரென்சோ பியானோ. சமூகத்துக்கு 15 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் ஒன்று 2009-இல் கையெழுத்தானது. 1968-இன் ஜிம்மோடு ஒப்பிட்டால் பேரத்தில் பெரிய மாற்றம்தான். இடத்தை விற்க மறுத்த சில உரிமையாளர்கள் கட்டாய ஆர்ஜிதத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 டிசம்பரில் அவர்கள் பக்கம் நின்றது, மாநிலத்தின் உச்ச அமர்வு 2010 ஜூனில் அதை மாற்றியது. வழக்கின் மையம் மறுபடியும் அந்தப் பழைய கேள்வி, அந்த இடம் பாழடைந்ததா இல்லையா. அதற்குச் சான்றாகக் காட்டிய கட்டடங்களில் பல அப்போதே கொலம்பியாவின் கையில் இருந்தவை.